பதினேழாம் தேதிக் காலை

பிப்ரவரி 20

நீர்த்தேக்கக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

உறவுமுறை சொல்லி அழைக்கும் மனநிலையில் நான் இல்லாததால் பதவியைச் சொல்லி அழைக்கிறேன். என் குறைகளைத் தேதிவாரியாகக் கீழே தந்துள்ளேன். மறுப்பதானால் எண்ணைக் குறிப்பிட்டு மறுக்கவும்.

1. ஜனவரி 9. உங்களுக்கு மூன்று பக்கக் கடிதம் ஒன்று அனுப்பினேன். கிழக்கு மலைகள் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் சூரியன் எழும் திசை, எழும் நேரம், தேக்கத்தின் கழுத்துப் பகுதியில் நீர் அசையாமல் நிற்க வேண்டிய கால அளவு ஆகிய அனைத்தையும் வரைபடத்துடன் விளக்கியிருந்தேன். பதிலாக என் கைபேசிக்கு வந்தவை 'சரி மச்சான்' என்ற இரண்டு சொற்கள்.

2. ஜனவரி 30. ஒத்திகைக்கு வந்தேன். ஏழாண்டுகளுக்கு முன் பாறையில் நான் அடித்துவைத்த இரும்பு முளையின் மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. கேட்டதற்கு, "முக்காலி வெக்கணும்னு எழுதியிருந்தீங்க. நம்ம வீட்ல நாலு கால்லயே இருந்துது, அதான் கொண்டாந்துட்டேன்" என்றீர்கள். கேமரா நிற்க வேண்டிய முக்காலியைப் பற்றித்தான் நான் எழுதியிருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். உடனிருந்த ஆபரேட்டர்கள் சிரித்தார்கள்.

3. பிப்ரவரி 16. உங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது மறுநாள் காலை ஆறு மணிக்கு மதகு திறக்கப்படாது என்பதை உறுதிப்படுத்தும்படி கேட்டேன். "உத்தரவு போட்டாச்சு மச்சான். நீங்க எழுதுனத அப்படியே போட்டிருக்கேன். ஒரு எழுத்து மாத்தல" என்றீர்கள். அதை நம்பி உறங்கினேன்.

4. பிப்ரவரி 17, காலை 6.00. சங்கு ஊதியது. மதகு திறந்தது.

5. அதே நாள், 6.07. என் பக்கத்தில் நின்றிருந்த நீங்கள் மதகு மேடையை நோக்கி ஓடினீர்கள். மதகு முழுவதும் மூடப்பட்டபோது மணி 6.31. கழுத்துப் பகுதியில் கிளம்பிய அலை அடங்க முக்கால் மணி நேரம் ஆகும் என்பது ஜனவரி 9 கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது.

6. அதே நாள், 6.52. இடுக்கின் அடியில், நான் கணித்த இடத்தில், கணித்த நிமிடத்தில் சூரியன் எழுந்தது. மேகம் இல்லை. மூன்று பட்டமரங்களும் நீரில் நின்றன. நீர் மட்டும் கசங்கிய துணி போல இருந்தது.

7. அதே நாள், 6.55. என் தோளில் கைவைத்து, "விடுங்க மச்சான். சூரியன் நாளைக்கும் வரும்" என்றீர்கள். இந்தப் பருவத்தில் ஒரே நாளில் சூரியன் தன் அகலத்தில் மூன்றில் இரு பங்கு வடக்கே நகர்ந்துவிடும் என்பதை ஏழாண்டுகளாக உங்களுக்கு விளக்கி வருபவன் நான்.

8. பிப்ரவரி 19. உங்கள் திருமணத்துக்கு நான் பரிசளித்த, உங்கள் கூடத்தில் இருபத்து நான்கு ஆண்டுகளாக மாட்டியிருந்த படம், கூரியரில் எனக்குத் திரும்பி வந்தது. கண்ணாடி உடையாமல் மிகுந்த கவனத்துடன் கட்டப்பட்டிருந்தது. உள்ளே ஒரு வரியும் இல்லை. முகவரி என் தங்கையின் கையெழுத்தில் இருந்தது. இது உங்கள் குற்றம்தானா என்று எனக்குத் தெரியவில்லை. ஆயினும் பட்டியலில் சேர்த்திருக்கிறேன்.

உங்கள் பார்வையில் நான் ஒரு போட்டோ எடுக்க வந்தவன். என் பார்வையில் நடந்ததை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இந்த இடுக்கில் சூரியன் எழுவது ஆண்டுக்கு இரண்டே நாள்கள்: பிப்ரவரி 17, அக்டோபர் 25. பட்டமரங்கள் தெரிய நீர்மட்டம் இருபத்திரண்டு அடிக்குக் கீழே இருக்க வேண்டும். மரங்களின் அடிச்சேறு தெரியாதிருக்க இருபத்தோரு அடிக்கு மேலே இருக்க வேண்டும். முதல் இரண்டாண்டுகள் மேகம். மூன்றாம் ஆண்டு வெள்ளம். நான்காம் ஆண்டு வறட்சி. ஐந்தாம் ஆண்டு எனக்குக் கண் அறுவை. ஆறாம் ஆண்டு எல்லாம் பொருந்தி வந்து, காற்று அடித்தது. ஏழாம் ஆண்டு வானம், நீர், காற்று, மரம் அனைத்தும் தத்தம் பங்கைச் செய்தன. செய்யாதது உங்கள் அலுவலகம் ஒன்றுதான்.

முப்பதாண்டுகளாக நான் எடுத்தவற்றுள் பிறர் கண்ணில் காட்டத் தகுந்தவை நான்கு. இது ஐந்தாவதாக இருந்திருக்கும். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. கல்லூரியில் புவியியல் நடத்துபவன் என்பதைத் தவிர என்னைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லாமல் ஓய்வுபெற எனக்கு விருப்பமில்லை.

தொலைபேசியில் பேசினால் நீங்கள் சிரித்துப் பேசியே நழுவிவிடுவீர்கள். எனவே மார்ச் 5க்குள் எழுத்தில் விளக்கம் தேவை. அக்டோபர் 25 காலை மதகு திறக்கப்படாது என்ற உறுதியும் அதிலேயே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
புவியியல் துறைப் பேராசிரியர்


பிப்ரவரி 27

மச்சான்,

'கண்காணிப்பாளர் அவர்களுக்கு' என்று உறையில் எழுதியிருந்தீர்கள். எங்கள் எழுத்தர் அதை அலுவலகக் கடிதம் என்று பிரித்து, உள்வரவு எண் கொடுத்து, முத்திரை குத்தி, கோப்பில் வைத்து என் மேசைக்கு அனுப்பிவிட்டார். உங்கள் கோபத்துக்கு இப்போது முறையான பதிவு இருக்கிறது. எண் 212. அடுத்த கடிதத்தில் பார்வை என்று போட்டு அதைக் குறிப்பிடலாம்.

ஒன்று, ஒத்துக்கொள்கிறேன். மூன்று பக்கத்தையும் படித்தேன், இரண்டு முறை படித்தேன். படித்து முடித்ததும் 'சரி' என்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. அவ்வளவு தெளிவாக எழுதியிருந்தீர்கள். இரண்டு, அது விளையாட்டு. உங்கள் முழங்காலை நினைத்துத்தான் நாற்காலி கொண்டுவந்தேன், பெயர்ப் பொருத்தம் தானாக அமைந்தது. ஐந்து, ஆறு, ஏழு எல்லாம் நடந்தவை. மறுக்க ஒன்றுமில்லை.

மூன்றுக்கும் நான்குக்கும் விளக்கம் உண்டு. கேட்டபிறகு நீங்கள் இன்னும் கோபப்படுவீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

எங்கள் பதிவேட்டில் ஒரு நாள் காலை எட்டு மணிக்குத் தொடங்குகிறது. மழை அளவு, நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் எல்லாவற்றுக்கும் எட்டு முதல் மறுநாள் எட்டு வரை ஒரே தேதி. இந்த அணையைக் கட்டிய காலத்திலிருந்து அப்படித்தான். ஆக, 17ஆம் தேதி காலை ஆறு மணி உங்களுக்குப் பதினேழு. எங்கள் பதிவேட்டுக்கு அது பதினாறின் கடைசிப் பகுதி. எங்கள் 17ஆம் தேதியில் வருகிற ஒரே காலை ஆறு மணி, ஊர் உலகத்துக்கு 18.

உத்தரவு எழுதும்போது உங்கள் கடிதத்தை எதிரில் வைத்துப் பார்த்துப் பார்த்து எழுதினேன். 'தேதியையும் நேரத்தையும் ஓர் எழுத்தும் மாற்றாமல் எடுத்தாளவும்' என்று அடிக்கோடிட்டிருந்தீர்கள். மாற்றினால் என்ன பாடு படுவேனோ என்று அப்படியே இறக்கினேன். இருபத்தாறு வருடமாக அந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவன், அந்தப் பத்து நிமிடம் மட்டும் உங்கள் தேதியில் உட்கார்ந்திருந்தேன். தாள் மட்டும் எங்கள் தேதிக்குப் போய்ச் சேர்ந்தது.

மதகு ஆபரேட்டரை நாங்கள் கடிகாரம் என்றுதான் கூப்பிடுவோம். ஆறு என்றால் ஆறுதான், 6.01 ஆகாது. நீங்கள் கிளம்பிப் போன பிறகு, ஒன்பது மணிக்கு அவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். "ஐயா, பதினேழுன்னு எழுதியிருக்கீங்க. பதினேழு இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு. நாளைக் காலைல நிறுத்தி வெக்கிறேன். விடியக்காலம் எதுக்கு அப்படி ஓடி வந்தீங்க?"

அவர் மேல் தப்பில்லை. எழுதியதைச் செய்தார்.

அதைக் கேட்ட நிமிடத்திலிருந்து உங்களுக்குப் போன் செய்தேன், பதினொரு முறை. 18ஆம் தேதி காலை மதகு ஏழரை வரைக்கும் திறக்கவில்லை. உத்தரவை நான் ரத்து செய்யாமல் விட்டுவைத்தேன்.

எட்டாவதுக்கு நான் பதில் சொல்ல முடியாது. அது அவள் கையால் கட்டியது. கட்டும்போது கண்ணாடிக்கு மேல் இரண்டு சுற்றுத் துணி போட்டாள், அது மட்டும் பார்த்தேன்.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 6

ஐயா,

உங்கள் விளக்கத்தைப் படித்தேன். அது விளக்கம் என்ற பெயருக்குத் தகுதியானதுதான். மன்னிப்பு என்ற பெயருக்குத் தகுதியானதா என்பது வேறு கேள்வி.

ஓர் அலுவலகம் தன் வசதிக்காக நாளைக் காலை எட்டு மணிக்குத் தொடங்கிக்கொள்ளலாம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த அலுவலகத்தின் தலைவர், அந்த வழக்கத்தை அறியாத ஒருவரிடமிருந்து தேதி பெறும்போது, அதைத் தம் வழக்கத்துக்கு மாற்றி எழுதியிருக்க வேண்டும். 'ஓர் எழுத்தும் மாற்றாமல்' என்று நான் எழுதியது பொருள் மாறாதிருக்கவே. எழுத்தைக் காப்பாற்றிவிட்டுப் பொருளைக் கைவிட்டதை என் அறிவுறுத்தலின் மேல் சுமத்துவது நியாயமன்று.

18ஆம் தேதி பற்றி இரண்டு முறை குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதை எனக்குச் செய்த உபகாரமாகக் கருதுகிறீர்கள் போலும். நான் அன்று இல்லை. ஏழு மணிக்குப் புறப்பட்டவன் வண்டி ஓட்டும்போது கைபேசியை அணைத்துவைப்பது என் வழக்கம். வீடு சேர்ந்த பின்னும் மூன்று நாள்கள் அணைத்தே வைத்திருந்தேன். அது என் உரிமை. இருந்திருந்தாலும் பயனில்லை. என் முளையிலிருந்து பார்த்தால் 18ஆம் தேதி சூரியன் இடுக்கின் அடியில் எழாது. இடதுபக்க மலையின் தோளில் எழும். தோளில் எழும் சூரியனை எவரும் எந்த ஊரிலும் எடுக்கலாம்.

அக்டோபர் உத்தரவை இப்போதே எழுதிவிடக் கோருகிறேன். வாசகம் இப்படி இருக்கட்டும்: 'பொது நாட்காட்டியின்படி அக்டோபர் 25 காலை, அதாவது இவ்வலுவலகப் பதிவேட்டின்படி அக்டோபர் 24, முற்பகல் 5.30 முதல் 7.30 வரை மதகு திறக்கப்படக் கூடாது.' உங்கள் ஆபரேட்டரை இதைச் சத்தமாக வாசிக்கவைத்து, அவர் புரிந்துகொண்ட நாளை அவர் வாயாலேயே சொல்லவைக்கவும்.

என் தங்கையை நான்கு முறை அழைத்தேன். அவள் எடுப்பதில்லை. என்மீது அவளுக்கு என்ன கோபம் இருக்க முடியும் என்பது எனக்கு விளங்கவில்லை. அன்று இழந்தவன் நான். அவளுடைய கணவரின் கவனக்குறைவால் இழந்தவன். அவள் கோபிப்பதானால் அதற்குரிய இடம் அவள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. காரணத்தைக் கேட்டு எழுதவும். படத்தைக் கூடத்தில் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறேன். மாட்டுவதற்கு இங்கே ஆணி இல்லை.

பேராசிரியர்


மார்ச் 19

மச்சான்,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். விளையாட்டாக எழுதினால் நீங்கள் நழுவுகிறேன் என்பீர்கள். அதனால் நேராகவே எழுதுகிறேன்.

முதலில் அக்டோபர். அக்டோபர் கிடையாது. ஜூனில் தேக்கத்தை வடிக்கப் போகிறார்கள். பழைய மதகுகளைக் கழற்றிவிட்டுப் புதிய மதகுகள் வருகின்றன, இரண்டு வருட வேலை. வடித்ததும் பட்டமரங்களை அறுத்துவிடுவார்கள், படகுக்கு ஆபத்து என்று. மறுபடி நீர் நிரம்பும்போது கொள்ளளவு கூடி, மட்டம் ஆறு அடி உயரும். உங்கள் பாறை நீருக்குள் போய்விடும். நான் எந்தத் தேதியில் என்ன உத்தரவு எழுதினாலும் இனி அந்த இடம் இல்லை.

இது எனக்கு டிசம்பர் கடைசியிலேயே தெரியும். உங்கள் தங்கைதான் சொல்லவேண்டாம் என்றாள். "இதுதான் கடைசின்னு தெரிஞ்சா அண்ணனுக்குக் கை நடுங்கும். வழக்கம்போல வந்து, வழக்கம்போல நம்மள நாலு திட்டு திட்டி, எடுத்துட்டுப் போகட்டும். அப்புறமா சொல்லிக்கலாம்" என்றாள். அதனால்தான் உங்கள் கடிதத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். ஒரு எழுத்துத் தவறிவிடக் கூடாதென்று அவ்வளவு பயந்தேன்.

இனி எட்டாவது குறை. காரணம் கேட்டு எழுதச் சொன்னீர்கள். கேட்கவேண்டிய தேவை இல்லை, நானும் அங்கேதான் இருந்தேன்.

உங்கள் பட்டியலில் 6.55 மணிக்கு நான் பேசியது இருக்கிறது. 6.56 மணிக்கு நீங்கள் பேசியது இல்லை. கடிகாரமும் இன்னொரு ஆபரேட்டரும் மேட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் உங்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். என் கையைத் தட்டிவிட்டு நீங்கள் சொன்னீர்கள்: "சக்கரம் சுத்துறவன்கிட்ட சூரியனப் பத்திப் பேசினது என் தப்பு."

எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன். நான் சக்கரம் சுற்றித்தான் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது மோட்டார் கிடையாது. ஒரு மதகுக்கு நானூற்றுப் பத்துச் சுற்று, தோள்பட்டையில் இன்னும் இருக்கிறது. சக்கரம் சுற்றினவன் என்று யார் சொன்னாலும் ஆமாம் என்பேன்.

அவளுக்கு அப்படியில்லை. அன்று சாயந்தரம் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். "சுத்துறவர்னு சொல்லியிருந்தா நான் பொறுத்துக்குவேன். கோவத்துல எல்லாரும் பேசுறதுதான். அண்ணன் இருபத்து நாலு வருஷமா உங்கள மாப்பிள்ள, வாங்க, போங்கன்னு கூப்புடுறாரு. அந்த 'வன்' அத்தன நாளும் உள்ளுக்குள்ள ரெடியா இருந்திருக்கு." அவ்வளவுதான். படத்தைச் சுவரிலிருந்து இறக்கியது மறுநாள்.

அந்த மறுநாளையும் சொல்லிவிடுகிறேன்.

18ஆம் தேதி காலை ஐந்தரைக்கு அவள் என்னை எழுப்பினாள். மதகு மூடித்தானே இருக்கும், போய்ப் பார்ப்போம் என்றாள். உங்கள் மேல் அவ்வளவு கோபத்தோடு, டீ பிளாஸ்கையும் எடுத்துக்கொண்டு, டம்ளர் மூன்று எடுத்தாள். ஆறரை வரைக்கும் தேக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் கழுத்து நீண்டது. நான் முளைக்குப் பக்கத்தில் போய் நின்றதும், "அங்க நிக்காதீங்க, அது அண்ணன் எடம்" என்றாள். அதனால் இரண்டு பேரும் வலதுபக்கமாகக் கரையோரம் கொஞ்சம் நடந்து போய் அங்கே நின்றோம்.

சூரியன் வந்தது. அது எப்படி வந்தது என்று எனக்கு எழுதத் தெரியாது. ஆனால் மச்சான், தோளில் வரவில்லை. நாங்கள் நின்ற இடத்திலிருந்து பார்க்க நடு இடுக்கில்தான் வந்தது.

நான் போனை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள். "வேணாம். இது அண்ணனோடது. ஏழு வருஷமா பாத்து வெச்சிருக்காரு. அவரு இல்லாதப்ப நாம எடுத்தா அது திருட்டு."

பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். வந்ததும் படத்தை இறக்கித் துணி சுற்ற ஆரம்பித்தாள். ஒரே நாள், ஒரே மனுஷி. இதற்கு விளக்கம் என்னிடம் கேட்காதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் வேறு யாராவது சொல்வார்கள். இரண்டு நாள் காலையிலும் கால்வாய்க்குத் தண்ணீர் பிந்திவிட்டதென்று கடைமடைக்காரர்கள் மேலே எழுதிவிட்டார்கள். எனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்திருக்கிறது. பெரிதாக ஒன்றும் ஆகாது. உறவினர் படம் எடுப்பதற்காக என்று எழுத முடியாமல் 'மதகுப் பராமரிப்பு' என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 24

மாப்பிள்ளை,

உங்கள் கடிதம் கிடைத்தது. பதில் எழுதுமுன் ஒரு விவரம் தேவைப்படுகிறது. 18ஆம் தேதி காலை 6.40க்கும் 7.00க்கும் இடையே காற்று இருந்ததா? ஒரு சொல்லில் எழுதினால் போதும்.


மார்ச் 28

மச்சான்,

இல்லை.

ஒரு இலைகூட அசையவில்லை. நீங்கள் இதைக் கேட்டிருக்க வேண்டாம்.


ஏப்ரல் 3

மாப்பிள்ளை,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே நிலவரைபடத்தை விரித்து அளந்தேன். என் முளையிலிருந்து இடுக்கு ஆறு கிலோமீட்டர் தொலைவு. சூரியன் ஒரு நாளில் வடக்கே நகரும் கோணத்தை அந்தத் தொலைவில் வைத்துக் கணக்கிட்டால் முப்பத்தெட்டு மீட்டர் வருகிறது. அதாவது 18ஆம் தேதி முக்காலியை வலதுபக்கம் முப்பத்தெட்டு மீட்டர் தள்ளி வைத்திருந்தால் சூரியன் இடுக்கின் அடியில்தான் எழுந்திருக்கும். நீங்கள் இருவரும் 'கொஞ்சம் நடந்து போய்' நின்றது ஏறக்குறைய அந்த இடமாகத்தான் இருக்க வேண்டும். முளை அடித்த இடம் என்னுடையது என்பதற்காக என் தங்கை அங்கிருந்து விலகி நின்றாள். விலகி நின்றதால் அவளுக்குக் கிடைத்தது. இதைக் கணக்கிடத் தெரிந்தவன் அந்த நேரத்தில் தன் வீட்டில், கைபேசியை அணைத்துவைத்துவிட்டு, உங்களுக்கு எழுத வேண்டிய கடிதத்தின் எண்களை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டிருந்தான்.

என் குறிப்பேட்டில் இந்த இடத்தைப் பற்றி மட்டும் நாற்பத்தொரு பக்கங்கள் இருக்கின்றன. அத்தனையையும் நேற்று மறுபடி வாசித்தேன். நாள் மாறினால் இடம் எவ்வளவு மாறும் என்ற கேள்வி ஒரு பக்கத்திலும் இல்லை. முதலாமாண்டு மாணவனுக்குத் தோன்றும் கேள்வி. முளையை அடித்துவிட்டேன், அதனால் எனக்குத் தோன்றவில்லை. பொறுமை என்று இத்தனை ஆண்டுகளாக நான் பெயரிட்டிருந்தது, ஓரிடத்தில் நின்றுகொண்டு மற்றவை அனைத்தும் என்னிடம் வந்து சேர வேண்டும் என்று எதிர்பார்த்ததை. நிஜமான பொறுமைக்கு இன்னும் ஒரே ஒரு நாள் தேவைப்பட்டது. அந்த ஒரு நாள் என்னிடம் இல்லை.

நடந்தவற்றை ஒழுங்கு செய்கிறேன். 17ஆம் தேதி காலை 6.56 மணிக்கு நான் சொன்னதை இதன் மூலம் எழுத்தில் திரும்பப் பெறுகிறேன். சொன்னது நினைவில்லை என்று எழுத எண்ணினேன். நினைவிருக்கிறது. பட்டியல் தயாரித்தபோதும் நினைவிருந்தது. 6.55க்குப் பிறகு கடிகாரத்தை நிறுத்திவிட்டேன். அந்தச் சொல் இருபத்து நான்கு ஆண்டுகளாக உள்ளே காத்திருந்தது என்று என் தங்கை கருதினால், அது தவறு என்று என்னால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. நான் அறியாமல் இருந்திருக்கலாம். சொன்ன இடத்திலேயே, கேட்ட இரண்டு ஆபரேட்டர்களும் இருக்கும்போது, வாயாலும் திரும்பப் பெற வேண்டும். நாள் குறித்து எழுதவும். அவர்கள் வேலை நேரத்துக்கு ஏற்ப வருகிறேன், என் வசதியைப் பார்க்க வேண்டாம்.

குறிப்பாணைக்கு 'மதகுப் பராமரிப்பு' என்று நீங்கள் எழுதிக்கொடுத்தது பொய். உங்கள் மேலதிகாரிக்கு நான் எழுதிய கடிதத்தின் நகலை இணைத்துள்ளேன். நேரத்தை மாற்றக் கோரியவன் நான் என்றும், உறவைப் பயன்படுத்தி வற்புறுத்தினேன் என்றும், தேதிக் குழப்பத்துக்கு என் அறிவுறுத்தலே காரணம் என்றும் அதில் இருக்கிறது. நீங்கள் சம்மதித்தால்தான் அனுப்புவேன். ஓர் எழுத்தை மாற்ற வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் இருவர் மேலும் எனக்கு ஒரு குறை மிச்சமிருக்கிறது. இதை நான் திரும்பப் பெறப் போவதில்லை. நீங்கள் எடுத்திருக்க வேண்டும். கைபேசியில், கோணலாக, ஓரத்தில் விரல் மறைத்தபடி எடுத்திருந்தாலும் பரவாயில்லை. எனக்குரியது என்று ஒரு காட்சியை எனக்காக ஒதுக்கிவைத்துவிட்டு, அதைக் கண் முன்னே போகவிட்டாளே, அவ்வளவு மரியாதைக்கு நான் என்ன செய்துவிட்டேன்? முந்தின நாள் காலையில் நான் செய்தது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் உங்கள் கையைப் பிடித்து இறக்கினாள். இதைக் கோபமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபமாகவே இருக்கட்டும், வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

எனவே என் கடைசிக் கோரிக்கை உங்களிடம் இல்லை, அவளிடம். இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுக்கவும். வாசித்துக் காட்ட வேண்டாம். நீங்கள் வாசித்தால் கடுமையான இடங்களையெல்லாம் மெதுவாக்கிவிடுவீர்கள்.

அந்த இடத்தில் அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் உலகில் இருவர். எழுதத் தெரியாது என்று நீங்கள் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். மிச்சம் அவள் ஒருத்தி. 18ஆம் தேதி காலை 6.40 முதல் 7.00 வரை அவள் பார்த்ததை எனக்கு எழுதித் தர வேண்டும். முதல் வெளிச்சம் எந்த மலையின் எந்தப் பக்கத்தைத் தொட்டது. நீர் அப்போது என்ன நிறம். மூன்று மரங்களில் எது முதலில் கறுத்தது. சூரியன் மேலே ஒன்றும் நீருக்குள் ஒன்றுமாக இரண்டாகத் தெரிந்தபோது அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டனவா, நடுவில் இடைவெளி இருந்ததா. எவ்வளவு நேரம் நின்றது. எது வந்து அதைக் கலைத்தது. புகைப்படக்காரர்களின் சொற்கள் வேண்டாம், அவளுக்கு வாயில் வருகிற சொற்கள் போதும். தெரியாததைத் தெரியாது என்றே எழுதட்டும். அழகாக இருந்தது என்று மட்டும் எழுத வேண்டாம், அது எனக்குத் தெரியும். சுருக்கமும் வேண்டாம்.

என்னோடு பேச வேண்டும் என்று அவளைக் கேட்கவில்லை. தொலைபேசியை எடுக்க வேண்டியதில்லை. மன்னிக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. நாள் போகப் போக அவள் நினைவில் நிறங்கள் மாறிவிடும். மாறிய பிறகு அது என்னிடம் வந்து பயனில்லை. ஆகவே ஏப்ரல் 20ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குள் அவள் கைப்பட எழுதிய பதில் எனக்கு வந்து சேர வேண்டும். கடிதத்தின் தொடக்கத்தில் என்னை எப்படி அழைப்பது என்று தயங்கினால், அழைக்காமலே தொடங்கலாம். எழுத்தில், ஏப்ரல் 20க்குள்.